கூரை தொட்ட ராடுகள்

ஜூன் 9, திங்கள்

மூன்றாவது தூண்டில் ராடும் முறிந்து வந்துவிட்டது. இதற்கு மேல் ஞாபகத்தை நம்பிச் சண்டை போட முடியாது. எழுதி வைத்துக்கொண்டுதான் போட வேண்டும். இந்த டைரி சென்னை ஏஜென்ட் ஹபீப் புத்தாண்டுக்குக் கொடுத்தது. அவன் டைரியிலேயே அவன் சரக்கின் லட்சணம் ஏறட்டும்.

விவரம்: எட்டடி ராடு. லேபிளில் தங்க எழுத்தில் ‘40 டன் கார்பன்’. முறிந்த இடம் நுனியிலிருந்து ஒரு சாண். மூன்றும் அதே இடம். இதைத் தற்செயல் என்றா சொல்வது?

என் கடையில் ஒரு ராடும் சும்மா வெளியே போவதில்லை. ஊருக்கே தெரியும். வாங்குகிறவர் கண்முன்னே ராடைச் செங்குத்தாகப் பிடித்து, நுனியைக் கான்கிரீட் கூரையில் ஊன்றி, வில்லாக வளையும் வரை அழுத்திக் காட்டித்தான் கொடுப்பேன். பன்னிரண்டு வருடமாக இதுதான் வழக்கம். “அக்கா, கூரை காட்டிக் குடுங்க” என்று அவர்களே கேட்பார்கள். இவ்வளவு பார்த்துக் கொடுத்தும் முறிகிறது என்றால் தப்பு எங்கே இருக்கும்? சரக்கில்தான்.

முதலில் முறிந்தது என் வீட்டுக்காரர் கஸ்பாருடையது. மே 18. அதைப் பற்றி இப்போது எழுதும் மனநிலை இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

ஹபீபுக்கு நான்கு முறை போன் போட்டேன். எடுக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

எடுத்தான்.

“அக்கா, நாப்பது டன்னுங்கறது வெயிட் இல்லக்கா. அது கார்பனோட வெறப்பு. வெறப்பு ஏற ஏற ராடு லேசா இருக்கும், ஒடனே துடிக்கும். ஆனா கண்ணாடி மாதிரி, பாத்துப் பொழங்கணும். கஸ்டமர்ஸ் எப்படி யூஸ் பண்றாங்கன்னு பாருங்க.”

“எங்க ஊர்க்காரனுக்கு மீன் புடிக்க நீ சொல்லித் தாரியா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அந்தக் கதையா இருக்கு ஒங் கதை.”

“அப்படி இல்லக்கா…”

போனை வைத்துவிட்டேன். நன்றாகக் கேட்டேன் என்று தோன்றியது. ஆனாலும் மாலை வரை எரிச்சல் தணியவில்லை. குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். உப்பில்லை என்றாவது சொல்லியிருக்கலாம்.

ஜூன் 15, ஞாயிறு

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் இன்று கடலுக்குப் போயின. விடியும் முன்பே எஞ்சின் சத்தம். கஸ்பார் எழுந்து வாசலில் நின்று கேட்டுவிட்டு, திரும்ப வந்து படுத்துக்கொண்டார். இருபத்தாறு வருடம் போட் டிரைவராக இருந்த மனிதர்.

சரி, மே 18-ஐ எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருடம் முன்பு போட்டில் வலை இழுக்கும் வின்ச் கயிறு அவருடைய வலது மணிக்கட்டைச் சுற்றி நொறுக்கிவிட்டது. உள்ளே ஒரு தகடு, ஆறு ஸ்குரூ. கை தேறியதும் அலைத்தடுப்புக் கற்களில் நின்று ராடு போட ஆரம்பித்தார். பயிற்சிக்கு என்றார் டாக்டர். போட் முதலாளி தஸ்நேவிஸ், “தடைக்காலம் முடியட்டும் கஸ்பாரு, நம்ம போட்டுக்கே வந்துரு” என்று சொல்லி அனுப்பினார். இவர் உடனே தலையாட்டவில்லை. தனக்குத் தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டார்: “இந்தக் கையால ஒரு பெரிய பாறை மீன ஏத்திட்டம்னா, சுக்கானப் புடிச்சிருவேன்.”

அதற்காகவே நாற்பது டன் ராடு எடுத்துக் கொடுத்தேன். சொந்தப் புருஷனுக்கு என்பதால் ஒரு தடவைக்கு மூன்று தடவை கூரையில் அழுத்திப் பார்த்தேன்.

மே 18 காலை பாறை மீன் மாட்டியது. ஏழு கிலோவாவது இருக்கும் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். கால் மணி நேரம் பிடித்து நின்றிருக்கிறார். மீன் கடைசியாகத் திரும்பி ஓடும்போது ராடு படீரென்று முறிந்து, முறிந்த வாயில் தூண்டில் நரம்பு உரசி அறுந்து, எல்லாம் போயிற்று.

வீட்டுக்கு வந்து சொன்னது ஒரே வாக்கியம்: “ராடு ஒடயலட்டி. எங் கைதான் உதறிட்டு.”

அன்றிலிருந்து ராடைத் தொடவில்லை. தஸ்நேவிஸுக்கு ‘முடியாது’ என்று சொல்லிவிட்டார். இன்றைக்கு அந்தப் போட் வேறு யாரையோ வைத்துப் போயிருக்கிறது.

ராடு சொத்தை என்று நான் நிரூபித்தாக வேண்டும். அந்த லேபிளைக் கிழித்து அவர் கையில் கொடுத்தால்தான் இந்த மனிதர் எழுந்திருப்பார்.

ஜூன் 21, சனி

முறிந்த ராடுகளை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். கூடவே கார்பன் வரும் முன்பு விற்ற ஒரு பழைய ஃபைபர் ராடையும் ஒரு 24 டன் ராடையும் அறுத்தேன். ஃபைபர் சுவர் தடிமன். 24 டன் அதைவிட மெலிசு. 40 டன் பப்பாளிக் குழல்போல இருக்கிறது. டன் கூடக் கூடச் சுவர் மெலிகிறது! இதற்குப் பெயர் என்ன? திருட்டு.

போட்டோ எடுத்து ஹபீபுக்கு அனுப்பினேன். “அதுதான் அதோட குணமே அக்கா” என்று பதில் போட்டிருக்கிறான். கூடவே கும்பிடு போடும் பொம்மை. பொம்மையை யார் கேட்டது?

ஃபைபர் ராடு விற்ற காலத்தில் ஒன்றுகூட முறிந்து வந்ததில்லை. அதையும் இப்படித்தான் கூரை காட்டினேன். தரம் என்றால் அது.

ஜூன் 25, புதன்

மேற்கிலிருந்து கச்சான் காற்று. கடைக்குள் ஒரே மணல். வியாபாரம் இல்லை, பேச்சும் இல்லை.

ஜூலை 3, வியாழன்

புதிதாக ஆறு ராடு பார்சல். லேபிளை நம்பி இனி ஒன்றும் நடக்காது என்று நானே சில பார்வைகளைப் பழகிக்கொண்டேன். நன்றாகவே பிடிபடுகிறது:

ராடைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து அடியிலிருந்து நுனி வரை வளையங்களைப் பார்க்கிறேன். ஒரு வளையம் ஒதுங்கி நின்றாலும் நரம்பு கோணிக்கொண்டுதான் ஓடும். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சைத் திரித்து இழுத்துப் பார்க்கிறேன்; உள்ளே கீறல் இருந்தால் பஞ்சு சிக்கும். வளையத்தைக் கட்டியிருக்கும் நூலின் மேல் பூசிய பசை சமமாக இருக்கிறதா, குமிழி இருக்கிறதா என்று நகத்தால் தடவுகிறேன். நரம்பு சுற்றும் ரீல் உட்காரும் இடத்தைத் திருகினால் முனகக் கூடாது. இதில் எதையும் லேபிளில் எழுதமாட்டார்கள். ஒரு ராடில் இரண்டாவது வளையத்தில் பஞ்சு சிக்கியது. அதைத் திருப்பி அனுப்ப எடுத்து வைத்தேன்.

எல்லாம் பார்த்தபின் கடைசியாகக் கூரை. அதை விட முடியுமா?

ஆறில் ஒன்று மட்டும் கடைக்கே வரவில்லை. ஹார்பரில் கிரேன் ஓட்டும் ஞானதுரை அண்ணாச்சி பொறுமையில்லாமல் லாரி ஆபீசுக்கே போய்த் தன்னுடையதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். “கூரை காட்டாமலா கொண்டு போறீய?” என்று போனில் கத்தினேன். “எங்க கிரேன்லயும் நாப்பது டன்னுதாம்மா எழுதியிருக்கு. ரெண்டும் ஒண்ணுதானே!” என்று சிரிக்கிறார். முதலில் முறியப்போவது அதுதான். எழுதி வைக்கிறேன்.

ஜூலை 12, சனி

இந்த வாரம் இரண்டு முறிவு. இரண்டும் என் கையால் சோதித்துக் கொடுத்தவை. வளையம் சுத்தம், நூல்கட்டு சுத்தம், பஞ்சு சிக்கவில்லை. ஆனாலும் நுனியிலிருந்து ஒரு சாணில் முறிந்திருக்கின்றன.

வாங்கியவர்கள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “கூரையெல்லாம் காட்டித்தானக்கா குடுத்தீய, நாங்கதான் சரியா பொழங்கல போல” என்று அவர்களே சமாதானம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

ஞானதுரை அண்ணாச்சி வந்தார். ராடு முறியவில்லை. அதோடு நான்கு கிலோ கொடுவாய் மீன் பிடித்த போட்டோ வேறு. ஏதோ அதிர்ஷ்டம். அந்தப் பார்சலில் ஒன்று நல்லதாக வந்திருக்கும், அதைப் பார்த்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

எப்படிப் பார்த்திருப்பார்? ஆறும் வாய் ஒட்டிய அட்டைக் குழாய்க்குள் இருந்தவைதானே.

அதிர்ஷ்டம்தான்.

ஜூலை 20, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது தஸ்நேவிஸ் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு கஸ்பாரையே பார்த்தார்.

“இப்ப வச்சிருக்கவன் சரியில்ல கஸ்பாரு. திருவிழா முடியிற வரைக்கும் பாக்கேன். அதுக்கு மேல என்னால முடியாது, வேற ஆளப் போட்டுருவேன். அப்புறம் என்னய ஏசக் கூடாது.”

“கை நிக்க மாட்டக்கு அண்ணாச்சி. நடுக்கடல்ல சுக்கான விட்டுட்டா, போட்ல இருக்க பத்துப் பேருக்கும் நான்லா பதில் சொல்லணும்.”

“கை நல்லாத்தான் இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாராமே?”

“டாக்டரா பாறைய இழுத்தாரு?”

உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டம்ளரை எடுத்து எறிந்திருப்பேன். யார் மேல் எறிவது என்று தெரியாததால் கழுவி வைத்தேன்.

ஆகஸ்ட் 5 மாதா கோயில் திருவிழா. அதற்குள் ஹபீப் நேரில் வந்து, ‘சரக்குதான் மோசம்’ என்று கஸ்பார் முன்னால் சொல்ல வேண்டும். வராவிட்டால் அவன் கம்பெனி ராடு இனி இந்தக் கடைப் படி ஏறாது என்று செய்தி அனுப்பினேன்.

ஜூலை 26, சனி

மாதா கோயிலில் கொடி ஏறியது. நல்ல கூட்டம். அவர் வரவில்லை. ஹபீப் செவ்வாய்க்கிழமை வருகிறானாம். மாதாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: அந்தப் பயல் வாயால் உண்மை வர வேண்டும்.

ஜூலை 29, செவ்வாய்

ஹபீப் வந்தான். நான் அறுத்து வைத்த துண்டுகளைப் பார்த்தான். வளையம் பார்ப்பது, பஞ்சு இழுப்பது எல்லாவற்றையும் செய்து காட்டினேன். “எங்க கம்பெனியிலகூட இவ்ளோ பாக்க மாட்டாங்கக்கா” என்றான். உச்சி குளிர்ந்துபோய், “இன்னும் முக்கியமானத பாக்கல நீ” என்று ஒரு ராடை எடுத்துக் கூரையில் ஊன்றி அழுத்தினேன்.

அவன் ராடைப் பார்க்கவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“அக்கா, மேல இந்தப் புள்ளி புள்ளியா இருக்கறதெல்லாம் என்ன?”

கஸ்பாரைக் கூப்பிடட்டுமா என்று அவன் கேட்டான். வேண்டாம், அவர் தூங்குகிறார் என்று சொல்லிவிட்டேன். மத்தியான பஸ்ஸில் போய்விட்டான்.

ஜூலை 30, புதன்

தலைவலி. கடை திறக்கவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

திருவிழாவுக்கு என்று கடைக் கூரைக்கு வெள்ளையடித்தேன். ஆள் வைக்கவில்லை, நானே ஏணியில் ஏறி அடித்தேன். அடிக்கும் முன் எண்ணிப் பார்த்தேன். ராடு நுனி குத்திய புள்ளி நூற்றுப் பன்னிரண்டு. அதில் குறைந்தது நாற்பது ஃபைபர் ராடாக இருக்கும். அவற்றை எண்ணக் கூடாது.

ஆகஸ்ட் 2, சனி

கடையைப் பூட்டிக்கொண்டு உள்ளே ஒரு வேலை செய்தேன்.

ஹபீப் போகும்போது சொல்லிவிட்டுப் போனான்: “மீனு நுனியை மட்டும் புடிச்சு இழுக்காதுக்கா. நரம்பு எல்லா வளையத்து வழியா போயி, பாரம் ராடு முழுக்க எறங்கும். நீங்க கூரையில ஊனும்போது அம்புட்டுப் பாரமும் நுனியில ஒரு சாண் மேலயே விழுது. ஃபைபர் தாங்கிடும். இது அப்பவே உள்ள கீறிடும், வெளிய தெரியாது. நல்ல மீனா மாட்டுற அன்னைக்குத்தான் தெரியும்.”

ஹபீப் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன, குழாய் பிரிக்காத ராடு இரண்டு இருந்தன. ஒன்றைக் கூரை காட்டினேன். காதை ராடோடு வைத்துக் கேட்டேன். எங்கோ அப்பளம் உடைவது மாதிரி ஒரு சின்னச் சத்தம். பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை. கஸ்டமரிடம் பேசிக்கொண்டேதானே அழுத்துவேன்.

இரண்டிலும் ரீல் மாட்டி, வளையம் எல்லாவற்றிலும் நரம்பு கோத்து, வாளியில் மூன்று லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கட்டித் தரையிலிருந்து தூக்கினேன். கூரை காட்டாதது பிடி வரைக்கும் அழகாக வளைந்து தூக்கியது. ஐந்து நிமிடம் பிடித்து நின்றேன், ஒன்றும் ஆகவில்லை. கூரை காட்டியது அரை அடி ஏறும் முன்பே ஒரு சாணில் முறிந்தது.

கடை முழுக்கத் தண்ணீர். துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சொல்ல வேண்டும். ஆனால் திருவிழா சமயத்தில் வீட்டில் எதற்கு அழுகை? முடியட்டும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அவருடைய தங்கச்சி குடும்பத்தோடு வந்திருக்கிறாள். எப்படித் தனியாகப் பேசுவது? கோழி, பிரியாணி, பாத்திரம். நேரமே இல்லை.

(பின்மதியம் அவரும் நானும் மட்டும் ஒரு மணி நேரம் வெங்காயம் உரித்தோம். அதையும் எழுதத்தான் வேண்டும்.)

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா சப்பரம் போயிற்று. இந்த முறை அவரும் வந்தார். கூட்டத்தில் என்னை யாரும் இடிக்காமல் அந்தக் கையைத்தான் குறுக்கே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம்கூட நடுங்கவில்லை. வாய் வரை வந்தது. ‘நாளைக்கு’ என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

தஸ்நேவிஸ் வேறு டிரைவர் போட்டுவிட்டார். காலையிலேயே பேசி முடித்துவிட்டார்களாம். மீன் ஏலக்கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கஸ்பாருக்கு என்னைவிட முன்பே தெரிந்திருக்கிறது. “நல்லதுதான்” என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படித்தார். அது நேற்றைய பேப்பர்.

ஆகஸ்ட் 7, வியாழன்

சொல்லிவிட்டேன். பல் விளக்கிவிட்டு வந்தவரை உட்காரச் சொல்லி, இரண்டு ராடு துண்டையும் முன்னால் வைத்துச் சொன்னேன்.

“ஒங்க கை உதறலங்க. ராடு முன்னாடியே கீறியிருந்திச்சு. நாந்தான் கீறினேன். மூணு தடவ கூரை காட்டுனேன்.”

துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வலது கையை விரித்து அதையும் அப்படியே பார்த்தார்.

“இது ஒனக்கு எப்பத் தெரியும்?”

“ஹபீபு வந்தன்னைக்கு.”

“தேதி?”

“இருபத்தொம்பது.”

“இன்னிக்கு என்ன தேதி?”



மூன்று மாதமாக உப்பில்லை என்றுகூடச் சொல்லாத மனிதர் அரை மணி நேரம் கத்தினார். அடுத்த வீட்டு ஜன்னல் திறந்தது, அவர் நிறுத்தவில்லை. “ராட ஒடச்சதுக்கு ஒண்ணும் சொல்லலட்டி. அது தெரியாம செஞ்சது. இந்த ஒம்பது நாளு தெரிஞ்சு செஞ்சதுல்லா! பக்கத்துலயே ஒக்காந்து வெங்காயம் உரிச்சியே!”

ஹபீபை, லேபிளை, கம்பெனியை, கச்சான் காற்றை, எல்லாவற்றையும் இந்த டைரியில் திட்டித் தீர்த்திருக்கிறேன். பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். ‘கூடம் கோணல்’ என்று எழுதிய பக்கம் வந்ததும் மூடிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. பயந்துதான் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடப் பெயர் போய்விடும் என்று பயந்தேன். அவருடைய போட் போகும் என்பதும் தெரியும். தெரிந்தும் என் பெயரைத்தான் பார்த்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையில் கடைக்கு வந்தார். மே மாதத்துக்குப் பிறகு இன்றுதான். மிஞ்சியிருந்த கூரை காட்டாத ராடை எடுத்தார். அடியிலிருந்து நுனி வரை கண்ணை ஓட்டினார். நரம்பைக் கோத்து, வாளியை அவரே நிரப்பிக் கட்டி, வலது கையால் மட்டும் தூக்கினார்.

வாளி தரையைவிட்டு ஏறி நின்றது. அவர் ராடைப் பார்க்கவில்லை, தன் மணிக்கட்டைத்தான் பார்த்தார். நானும் அதைத்தான் பார்த்தேன். வாளியில் தண்ணீர் அசையவில்லை. கடிகாரம் பத்து நிமிடம் ஓடியது. நான் இடையில் ஒரு தும்மலை அடக்கிக்கொண்டேன்.

மெல்ல இறக்கி வைத்துவிட்டு, “ஊர்ல தஸ்நேவிஸ்கிட்ட மட்டுமா போட் இருக்கு?” என்றார். என்னிடம் சொன்னாரா, வாளியிடம் சொன்னாரா தெரியாது. நான் தலையாட்டிக்கொண்டேன்.

வெளியே போகும்போது நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.

“வெள்ள அடிச்சிருக்க.”

“ஆமா.”

“எத்தன புள்ளி இருந்திச்சு?”

“நூத்திப் பன்னெண்டு. அதுல நாப்பது ஃபைபருங்க…”

“எது ஃபைபர்னு எழுதி வச்சிருக்கியா?”

“இல்ல.”

“அப்ப எனக்குச் சொல்லிட்ட. மிச்சம் நூத்திப் பதினொண்ணு.”

ஆகஸ்ட் 9, சனி

பழைய பில் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு போன் போட ஆரம்பித்தேன். இன்று ஏழு பேர். இரண்டு பேர் நன்றாகத் திட்டினார்கள். ஒருவர், “பரவால்லக்கா, இன்னும் ஒடயல, நீங்க கூரை காட்டுனதாலதான் நிக்கி” என்கிறார். அவருக்குப் புரியவைக்கவே இருபது நிமிடம் ஆயிற்று. ஞானதுரை அண்ணாச்சிக்கு அவர் மார்ச்சில் வாங்கிய பழைய ராடுக்காகப் போட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

ஏழாவது ஆள் புன்னைக்காயல் பெரியவர். ஏப்ரலில் வாங்கிய ராடு, முறிந்ததைக் கடைக்கு வந்து சொல்லவே இல்லை. நான் சொல்லி முடித்தேன். லைன் போய்விட்டதோ என்று “ஐயா, இருக்கியளா?” என்றேன்.

“இருக்கேம்மா. அத மொத தடவ எடுத்துட்டுப் போனது எம் மருமவன். ஒடச்சிட்டான்னு வீட்டுக்கே வரக் கூடாதுன்னு சொல்லிட்டேன்.”

நம்பர் கேட்டு வாங்கியிருக்கிறேன். அந்த மருமகனுக்கு நானே பேசுகிறேன் என்று சொன்னேன். என்னிடம் ராடே வாங்காத அந்த ஆளையும் சேர்த்தால் எண்ணிக்கை தப்பிவிடுகிறது. கூரையில் நூற்றுப் பன்னிரண்டுதான் இருந்தது.